சுடுகாட்டு ரோடு பெருத்த கதை

தோல்கிடங்குப் பேட்டையில் முதலில் இளைத்தது சுடுகாட்டு ரோடுதான். அங்கே யாரையும் சுடுவதில்லை, புதைப்பதுதான் வழக்கம், ஆனாலும் பேச்சில் அது சுடுகாடு; பேச்சைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. இந்தப் பக்கம் சாக்கடைக் கால்வாய், அந்தப் பக்கம் சேறும் கோரையும், நடுவில் மேடு தூக்கிப் போட்ட தார் ரோடு, இரண்டு லாரி உரசாமல் போகும். ஆடியில் அது ஒரு லாரி போகிற அளவுக்கு வந்தது, ஆவணியில் ஆட்டோ போகிற அளவுக்கு வந்தது, தார் இரண்டு ஓரத்திலும் அலை மாதிரிப் பின்வாங்கிக்கொண்டே போக, அது விட்ட இடத்தைச் சேறு நக்கிக்கொண்டது, சேற்றுமேல் கருவேலம் வந்து உட்கார்ந்துகொண்டது, ஐப்பசியில் ஒரு பூக்காரரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பாடையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்துதான் போய்ச் சேர்ந்தார்கள். யாரும் ரோட்டை வெட்டவில்லை, யாரும் வளைத்துப் போடவில்லை. ரோடு இளைத்துவிட்டது, அவ்வளவுதான். மனுஷன் இளைப்பதில்லையா?

காரணம் ஊருக்கே தெரியும். தேசப்பனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் அது அவன் கடையில்தான் ஆரம்பித்தது. பேட்டை முனையில் போன் கடை வைத்திருந்தவன் தேசப்பன். ரீசார்ஜ், கண்ணாடி ஒட்டுவது, தண்ணீரில் விழுந்த போனுக்கு உயிர் கொடுப்பது. சித்திரை வெயிலில் நகர நடமாட்ட ஆய்வு மையம் என்கிற ஆபீஸிலிருந்து நிவேதா மேடம் வந்தார். சின்ன வயசு, நல்ல பேச்சு, கடையில் கொடுத்த சோடாவை முகம் சுளிக்காமல் குடித்தார்.

"போன் எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் மனுஷங்க போறாங்கன்னு அர்த்தம் அண்ணே. அது தெரிஞ்சா எங்க ரோடு வேணும், எங்க பஸ் வேணும், எங்க விளக்கு வேணும்னு பார்த்துப் போடுவோம். யார் போறாங்கங்கிறது எங்களுக்கு வேணாம். பேர் வேணாம். புள்ளி போதும்."

"புள்ளின்னா?"

"நீங்க ஒரு புள்ளி. உங்க போன் ஒரு புள்ளி."

"அப்ப நானும் போனும் சேர்ந்தா ரெண்டா?"

"ஒண்ணுதான் அண்ணே. போன் இருக்கிற இடத்துலதான் நீங்க."

சம்மதிக்கிறவர்களுக்கு நெட் இலவசம் என்றார்கள். இலவசம் என்றால் பேட்டையில் விஷத்துக்கும் வரிசை நிற்கும். தேசப்பனே ஒவ்வொரு போனையும் வாங்கி, கண்ணாடியைச் சட்டையில் துடைத்து, 'சம்மதம்' என்கிற பொத்தானைத் தன் கட்டைவிரலால் அமுக்கிக் கொடுத்தான். போன் போகாத இடத்துக்கு ரோடு எதற்கு என்று ஆபீஸ்காரர்கள் யோசித்து முடிப்பதற்குள் அந்தச் சேதி ரோடுகளுக்கே எட்டிவிட்டது. அதற்கப்புறம் ரோடுகள் யாரையும் கேட்கவில்லை.

ஒயின்ஷாப் போகிற சந்து ஊதிப் பெருத்து, விமானம் இறங்கலாம் என்கிற அளவுக்கு வந்தது. ரேஷன் கடை ரோடு மாதத்தின் முதல் வாரத்தில் பெருத்து, கடைசி வாரத்தில் சுருங்கியது. நூலகத்துக்குப் போகிற வழி ஒற்றையடிப் பாதையாகி, பிறகு அதுவும் இல்லாமல் போய், நூலகர் கொஞ்ச நாள் மதிலேறிக் குதித்து வேலைக்குப் போனார், பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டார். போனே இல்லாத ஒரு கிழவனும் கிழவியும் குடியிருந்த முட்டுச்சந்து அவர்கள் வாசற்படிவரை வந்து மூடிக்கொள்ள, பக்கத்து வீட்டுக்காரர்கள் மொட்டை மாடி வழியாகச் சாப்பாடு இறக்கினார்கள். பேட்டை ஜனம் அசந்துவிடவில்லை. மழை வந்தால் குடை, இது வந்தால் இதற்கு ஒன்று. வீட்டுக்கு வீடு ஒரு பழைய போன் வாங்கினார்கள். தெரு நாயின் கழுத்தில் கட்டிவிட்டார்கள், ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டார்கள், ஆடு தழை தின்னப் போன இடமெல்லாம் தார் முளைத்தது. "போனை நடத்திட்டு வாடி" என்று மாமியார்கள் மருமகள்களை விரட்டினார்கள், மருமகள்கள் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அம்மா வீடுவரை நடத்திக்கொண்டு போனார்கள், அந்த ரோடுகள் எல்லாம் கொழுகொழுவென்று ஆயின. கார்ப்பரேஷன் இன்ஜினீயர் டேப்போடு வந்து அளந்து பார்த்து, ரோடுகள் தேவைக்கேற்பத் தாமே சீராகி வருகின்றன, தார்ச் செலவு மிச்சம் என்று எழுதிக்கொண்டு போனார்.

சுடுகாட்டு ரோட்டுக்கு மட்டும் யாரும் எதுவும் செய்யவில்லை. செய்ய முடியாது. பேட்டையில் சாவுக்குப் போகிறவன் போனை எடுத்துப் போக மாட்டான். போய் வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீட்டில் எதையும் தொடக் கூடாது. மனுஷனுக்கு ஊற்றலாம், போனுக்கு எப்படி ஊற்றுவது? ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பேர் திருட்டுத்தனமாகப் பையில் வைத்துக்கொண்டு போனதுண்டு. வெல்டர் ஜானகிராமனைக் குழியில் இறக்கிய நேரத்தில் அவன் மச்சானின் சட்டைப்பையில் போன் அடித்து, எடுத்துப் பார்த்தால் 'ஜானகிராமன் அழைக்கிறார்' என்று இருந்தது. மறுநாள் பால் தெளிக்கப் பால் சொல்லி வைக்கவேண்டும் என்று செத்தவன் போனிலிருந்து அவன் தங்கச்சி கூப்பிட்டிருக்கிறாள். அது தெரிவதற்குள் குழியை மூடாமல் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிவிட்டார்கள்; குழி வெட்டுகிற தனக்கோட்டி மட்டும் மண்மேட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றோடு திருட்டுத்தனமும் நின்றது. ஆக, போனின் கணக்கில் தோல்கிடங்குப் பேட்டையில் எவனும் செத்ததில்லை, செத்தவனுக்காக எவனும் அந்தப் பக்கம் போனதும் இல்லை.

அந்த ரோட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் போய்வந்த ஒரே ஜீவன் தேசப்பனின் அக்கா அம்சவேணி. அவளிடமும் போன் கிடையாது. தம்பி போன் விற்கிறவன், அவள் போனைக் கையால் தொடமாட்டாள். அவள் மகள் பவானி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தவளின் காதில் யாரோ ஒரு போனை வைத்தார்கள், அதில்தான் அந்தச் சேதி வந்தது. அந்தக் காதையே பிறகு அவள் எதற்கும் கொடுக்கவில்லை, யாராவது பேசினால் முகத்தைத் திருப்பி மற்ற காதைத்தான் கொடுப்பாள். பொம்பளை சுடுகாட்டுக்குப் போகலாமா என்று முதலில் ஊர் குதித்தது. "உங்க சாமி வேணா வந்து என்னை நிறுத்தட்டும்" என்றாள். சாமி வரவில்லை, ஊர் அடங்கிவிட்டது. மகளின் மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற இடத்தைச் சுற்றிச் செங்கல் நட்டு வைத்திருந்தாள்.

"உன் பிளாட்டை எவனும் தொடலக்கா," என்பான் தனக்கோட்டி. "கிரகப்பிரவேசம் எப்போன்னு மட்டும் சொல்லு, வாழை மரம் கட்டிடறேன்."

"உன்னை அனுப்பிச்சிட்டுத்தான்டா நான் வருவேன்."

ஆனால் அக்காவுக்கு அந்த வருஷம் கால் வீங்கிவிட்டது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. டாக்டர் தேசப்பனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அக்கா அவனைத் தனியாகக் கூப்பிடவில்லை, கடையில் ஆட்கள் நிற்கும்போதே சொன்னாள்: "நீ எனக்கு ஒண்ணும் கிழிக்க வேணாம்டா. பவானி பக்கத்துல கொண்டுபோய் படுக்க வை. அதுக்குள்ள அந்த ரோடு மூடிக்கிச்சுன்னா உன்னை நான் சும்மா விடமாட்டேன்." தாய் செத்த பிறகு இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மீன் விற்று அவனை வளர்த்தவள் அவள். அவன் வேறு என்ன செய்வான், நிவேதா மேடத்தின் ஆபீசுக்கு ஓடினான்.

சுவர் முழுக்கத் திரை. அதில் சென்னை முழுசும் நரம்பு நரம்பாக எரிந்துகொண்டிருந்தது.

"இங்க பாருங்க அண்ணே. இதான் நீங்க சொல்ற இடம். ஒரு புள்ளிகூட இல்ல."

"போறோம் மேடம். வாரத்துக்கு ஒருத்தராவது செத்துடறாங்க. கூட நூறு பேரு போறோம்."

"அப்ப புள்ளி எங்க?"

"வீட்ல வச்சிட்டுப் போறோம்."

மேடம் சிரிக்கவில்லை. கெட்டவர் இல்லை அவர். "நீங்க சொல்றதை நான் நம்பறேன் அண்ணே. ஆனா நான் நம்பி என்ன? இது நம்பணும்" என்று திரையைக் காட்டினார். "ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அடுத்த தடவை போனை எடுத்துட்டுப் போங்க. தானா சரியாயிடும்."

அதைப் பேட்டையில் சொன்னபோது செருப்பு பறக்கவில்லை, அதுதான் மிச்சம். வட்டச் செயலாளர் கோதண்டன் தலைமையில் கூட்டம். பெண்கள்தான் அதிகம் கத்தினார்கள். "பொணத்துகிட்ட போய்வந்த போனை என் புள்ளை கன்னத்துல வச்சுப் பேசுமா?" என்று ஒருத்தி. "ரோடே போனாலும் போவட்டும், தீட்டு ஊட்டுக்குள்ள வரக்கூடாது" என்று ஒருத்தி. "ரோடு போச்சுன்னா பொணம் ஊட்டுக்குள்ளயே இருக்கும், பரவால்லியா?" என்று தனக்கோட்டி கேட்டதும் கொஞ்சம் அமைதி வந்தது. அவனே வழியும் சொன்னான்: "மாவு கட்டற பிளாஸ்டிக் கவர்ல போனைப் போட்டு வாயைக் கட்டு. போய்ட்டு வந்து நீ ஊத்திக்கறப்ப அதுக்கும் ஒரு சொம்பு ஊத்து. முடிஞ்சுது."

அப்படித்தான் வழக்கம் மாறியது. அடுத்த சாவுக்கு நூறு பேர் நூறு கவரோடு போனார்கள், திரும்பி வந்து குழாயடியில் வரிசையாக உட்கார்ந்து தலைக்கும் கவருக்கும் மாறி மாறி ஊற்றிக்கொண்டார்கள், சிலர் போனுக்கு மஞ்சளும் தடவினார்கள். மறுநாள் ரோடு ஒரு முழம் அகன்றிருந்தது. ஆனால் ஊரில் சாவு என்ன தினமுமா விழுகிறது? தேசப்பன் அக்காவின் வீங்கின காலைப் பார்த்தான், டாக்டரின் முகத்தை நினைத்தான், தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தான். முறைக்காரர்கள் கவரில் கட்டின போன்களைக் கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு சுடுகாட்டு வாசல்வரை போய்த் திரும்பினார்கள். கூடை போகப் போகக் கருவேலம் ஒதுங்கியது, சேறு வாயை மூடியது, ஓரங்களில் புதுத் தார் கறுப்பாக, பிறந்த குழந்தையின் தலை மாதிரி ஈரமாக மினுங்கியது. தை பிறந்தபோது லாரி போகலாம்.

அக்கா போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தாள். "போதும்டா. நிறுத்திடு. நாலு பேரு தோள் கொடுக்கற அகலம் வந்துடுச்சு."

"வண்டி வரணும்கா. உன்னைக் கண்ணாடிப் பொட்டி வச்ச வண்டியில ராணி மாதிரி கொண்டுபோவணும்."

"ராணியா? மீன் கூடை தூக்கனவடா நானு. நிறுத்துன்னா நிறுத்து. போதும்னு சொல்றப்ப நிறுத்தாத எதுவும் உருப்பட்டதில்ல."

"இன்னும் பத்து நாள்க்கா."

அந்தப் பத்து நாளில்தான் எல்லாம் போயிற்று. கூடை தூக்குகிறவர்களுக்கு டீ விற்க சுடுகாட்டு வாசலில் ஒருவன் கடை போட்டான், டீ குடிக்க வந்தவர்களுக்குப் பஜ்ஜி போட கோதண்டனின் மச்சினன் வந்தான், பஜ்ஜி தின்ன வந்தவர்கள் பைக்கை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ரோடு அதையெல்லாம் தின்று தின்று பெருத்தது. "ரோடு வளர்ந்தா ஊரு வளரும், உனக்கு இன்னா கஷ்டம் தேசா?" என்றார் கோதண்டன். கூடைமுறை நின்ற பிறகும் ரோடு நிற்கவில்லை. அது வாசலை விழுங்கியது, உள்ளே போயிற்று, அந்தக் கோடியில் இடிந்து கிடந்த மதிலைத் தாண்டித் துறைமுக ரோட்டைப் போய்த் தொட்டது. தொட்ட அன்றைக்கே மாநகரம் அதைக் கண்டுபிடித்துவிட்டது. வண்டி ஓட்டுகிறவர்களின் போனுக்குள் இருக்கிற பெண், இடதுபக்கம் திரும்புங்கள், இது குறுக்கு வழி என்றாள். அவள் பேச்சை யார் தட்டுவார்? கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், கல்யாண வேன், சாப்பாடு கொண்டுபோகிற பையன்கள், ஆயிரம் வண்டி, ஒவ்வொரு வண்டியிலும் ரெண்டு போன், தார் இருபுறமும் பாய் விரிக்கிற மாதிரி விரிந்துகொண்டே போய் மேடுகளின்மேல் ஏறியது. பூக்காரர் போனார். ஜானகிராமன் போனான். தனக்கோட்டி கடப்பாரையோடு குறுக்கே நின்று பார்த்தான். கடப்பாரையைக் கேட்டா தார் நிற்கும்? ஒரு வெள்ளிக்கிழமை அக்கா போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினாள், தேசப்பனின் கடைப் படியில் உட்கார்ந்தாள்.

"மூடிடுச்சு" என்றாள். "பவானிய மூடிடுச்சு. என் இடத்தையும்."

கோதண்டனிடம் போனான் தேசப்பன். "நான் யாரைன்னு நிறுத்துவேன்? நம்ம ஆளுங்க அத்தனை பேரும் போனைக் கெணத்துல போட்டாலும் ஊரு போன் ஓடுதே. அது இப்ப நம்ம ரோடு இல்லப்பா" என்றார் அவர். அது உண்மைதான். நிவேதா மேடத்திடம் போனான். திரையில் எல்லாவற்றையும்விட அந்தக் கோடுதான் பளீரென்று எரிந்தது. "சிட்டியிலேயே வேகமா வளர்ந்த ரோடு அண்ணே அது. உங்க பேட்டையைப் பத்தி டெல்லியில போய்ப் பேசிட்டு வந்தேன்" என்றார் சந்தோஷமாக.

"அதுக்குக் கீழ எங்கக்கா பொண்ணு இருக்கா மேடம்."

மேடம் திரையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "நீங்கதானே அண்ணே ரோடு வேணும்னு கேட்டீங்க" என்றார், மெதுவாக.

மறுநாள் காலையில் அக்கா வீட்டில் இல்லை. வீங்கின காலை இழுத்துக்கொண்டு, நின்று நின்று, தானாகவே நடந்து போயிருக்கிறாள். தேசப்பன் ஓடிப்போய்ப் பார்த்தபோது நடு ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் வண்டிகள் சீறிக்கொண்டு போயின. சென்னை வண்டிக்காரன் திட்டுவான், ஹாரனில் கையை வைத்து அழுத்துவான், ஆனால் உட்கார்ந்திருக்கிற உயிரின்மேல் ஏற்றமாட்டான். மாட்டுக்கு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கிப் போவான். அவளுக்கும் ஒதுங்கிப் போனார்கள்.

"எழுந்திருக்கா. அடிச்சிட்டுப் போயிடுவான்."

"அடிச்சா இங்கயே புதை."

"யெக்கா, சொன்னா கேளு..."

"உன் போன் எங்க இருக்கு?"

"பையில."

"அதை எடுத்துக்கினு அப்பால போடா நாயே. அது கிட்ட வந்தா தார் கெட்டியாவுது. எனக்குக் கீழ தெரியுது."

போலீஸ்காரர் வந்தார், அவர் பையிலும் போன். அவள் அவரை வாயாலேயே விரட்டினாள். மீன் விற்ற வாய் அது, ஓரமாக நின்று கையை ஆட்டி வண்டிகளைத் திருப்பிவிடுவதோடு அவர் நிறுத்திக்கொண்டார். அதற்கப்புறம் தேசப்பன் போனைக் கடையில் வைத்துவிட்டுத்தான் கஞ்சி கொண்டுபோனான். ராத்திரி வீட்டுக்கு வா என்றால் வரமாட்டாள். மழைக்கு ஒரு சாக்கு, வெயிலுக்கு ஒரு பழைய குடை. வண்டிகள் ஒதுங்க ஒதுங்க, போன் படாத அந்த இடத்தில் தார் வெளுத்தது, பிறகு அப்பளம் மாதிரி மெலிந்தது, பிறகு பின்வாங்கியது. மாசி கடைசியில் அவளைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு மண். பழைய சுடுகாட்டு மண், கறுப்பாக, கொஞ்சம் ஈரமாக. அவள் நட்ட செங்கற்களில் ஒன்று தலையை நீட்டியது. "பாத்தியா, எம் பொண்ணு எட்டிப் பாக்கறா" என்றாள். அன்றைக்கு அவள் கஞ்சி முழுவதையும் குடித்தாள்.

பங்குனியில் ஒரு முற்பகல், கஞ்சித் தூக்கோடு போன தேசப்பன், அவள் குடையைப் பக்கத்தில் மடித்து வைத்துவிட்டு மண்ணில் ஒருக்களித்துப் படுத்திருப்பதைப் பார்த்தான். சேதி கேட்ட காது கீழ்ப்பக்கம் இருந்தது. தூக்கைக் கீழே வைத்தான். தனக்கோட்டியைக் கூப்பிடப் போன் இல்லை, ஓடித்தான் போனான்.

அன்றைக்கே புதைத்தார்கள். பேட்டை முழுக்கப் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தது, யாரும் சொல்லாமலேயே. கோதண்டன் தன் பைக்கை ரோட்டுக்குக் குறுக்கே போட்டு, கட்சித் துண்டை வீசி வண்டிகளை நிறுத்தினார்; அந்த மட்டும் அவரைக் குறை சொல்லக் கூடாது. தனக்கோட்டி பேசாமல் வெட்டினான். பாய் அகலத்துக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிட்டது. அக்கா கேட்டது கேட்டபடி நடந்துவிட்டது. தேசப்பன் அன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு நன்றாகத் தூங்கினான்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது நியாயமான ஊர்.

முதலில் ஒரு ஆட்டோக்காரன் போகிற போக்கில் ஹாரனிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். லாரிக்காரன் ஒருவன் எலுமிச்சம்பழத்தை எறிந்தான். யாரோ மஞ்சள் துணி சுற்றினார்கள், யாரோ சூலம் நட்டார்கள், நடு ரோட்டில் தாரையே விலக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறாளே, சாதாரணமானவளா? பேரும் வைத்தாகிவிட்டது: ரோட்டம்மா. வேண்டிக்கொண்டால் கண்டம் தப்பும், லைசென்ஸ் கிடைக்கும், வண்டிக் கடன் அடையும். அதுவரைக்கும்கூடப் பரவாயில்லை, கும்பிட்டால் மண் ஒன்றும் தேய்ந்துவிடாது. ஆனால் ஒரு பெண் போனை நீட்டி ஒரு படம் எடுத்தாள். அதைப் பார்த்து மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் பஸ் வைத்துக்கொண்டு வந்தார்கள், வந்தவர்கள் எல்லோரும் குனிந்து, போனை மண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், முகத்தையும் மேட்டையும் சேர்த்துப் பிடித்தார்கள்.

தார் ஓரத்திலிருந்து மறுபடியும் புறப்பட்டது.

தேசப்பன் ஒரு கூடையை வைத்துக்கொண்டு நின்றான். "போனை இதுல போட்டுட்டுப் போங்க. கோயிலுக்குச் செருப்பு போட்டுக்கினா போறீங்க? தயவுசெஞ்சு." யாரும் போடவில்லை, திருடன் என்று நினைத்துப் பையைப் பொத்திக்கொண்டார்கள். கையெடுத்துக் கும்பிட்டான். காலில் விழுந்தான். "என் அக்காம்மா அது, அம்மன் இல்ல, மீன் வித்தவ, போன்னா அவளுக்கு ஆவாது" என்று கத்தினான். அவன் கத்துவதையும் படம் பிடித்தார்கள், ரோட்டம்மாவின் தம்பிக்கு அருள் வந்திருக்கிறது என்று. பேட்டைக்காரர்களே பூக்கடை போட்டுவிட்டார்கள், கோதண்டனின் மச்சினன் பிரசாதக் கடை. அவர்களிடம் போய் நின்றால், "கொஞ்ச நாள் பொறுப்பா, வெயில் ஏறினா கூட்டம் தானா குறையும்" என்றார்கள். தனக்கோட்டி மட்டும் வந்து, பகலெல்லாம் கடப்பாரையால் தார் விளிம்பைப் பெயர்த்துப் பெயர்த்து எறிந்தான். அவன் ஒரு முழம் பெயர்த்தால் அது ஒரு சாண் கூடுதலாக வந்தது. உள்ளங்கை புண்ணாகி ஒருநாள் அவனும் உட்கார்ந்துவிட்டான். "தேசா, செத்தவங்களைப் பொதைக்கத்தான்டா எனக்குத் தெரியும். இதை எப்படி வெளிய எடுக்கறதுன்னு தெரியாது."

சித்திரை முதல் வெள்ளிக்கிழமை. பம்பை, உடுக்கை, ஐந்தாறு அண்டாவில் கூழ். நட்ட நடுப் பகல். மேடு அதற்குள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்திருந்தது, சூலம் சாய்ந்துவிட்டது, செங்கல் எப்போதோ போய்விட்டது. தேசப்பன் அந்தத் தட்டளவு மண்ணின்மேல் கவிழ்ந்து படுக்கப் போனான், பூசாரி மாதிரித் துண்டு கட்டின இரண்டு பேர் அவனைத் தூக்கி ஓரமாக நிறுத்தினார்கள், மரியாதையாகத்தான். கூட்டம் நெருங்கியது. நூறு கை, நூறு போன், எல்லாம் கீழே பார்த்தபடி. மண் உள்ளங்கை அளவானது, கண் அளவானது, தார் நான்கு பக்கமும் வந்து சத்தமில்லாமல் உதடு மூடுகிற மாதிரி மூடிக்கொண்டது.

ஒரு கிழவி குலவையிட்டாள். "அம்மா உள்ள போயிட்டா! நம்ம கண்ணு முன்னாடி உள்ள போயிட்டா!" ஜனம் கைதட்டியது, அழுதது, விழுந்து கும்பிட்டது, அத்தனையும் போனில் ஏறியது. கூழ் ஊற்றினார்கள். தேசப்பனின் கையிலும் ஒரு டம்ளரைத் திணித்தார்கள்.

அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை என்பதால் கூட்டம் கலைந்துவிட்டது. அடுத்த வாரம் வேறு எங்கேயோ ஒரு பசு பேசுகிறது என்று சேதி வந்தது, எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். கார்ப்பரேஷன் வந்து நடுவில் வெள்ளைக்கோடு போட்டது. நிவேதா மேடம் போன் செய்து, அந்த இடத்தில் கொஞ்ச நாளாக வண்டிகள் தேங்கிக்கொண்டிருந்தன, இப்போது சரியாகிவிட்டது, உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றார். தேசப்பன் கேட்டுக்கொண்டான். போனைக் கல்லாமேல் வைத்தான். கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு நடந்தான்.

தனக்கோட்டியையும் கூட்டிக்கொண்டுதான் போனான், இடத்தைக் காட்டச் சொல்லி. தனக்கோட்டி இந்த ஓரத்திலிருந்து பார்த்தான், அந்த ஓரத்திலிருந்து பார்த்தான், பழைய வேப்பமரம் இருந்த திக்கைத் தேடினான். "இங்க இருக்கலாம்" என்றான். பிறகு, "இல்ல, அங்க" என்றான். தேசப்பன் வண்டிகளுக்கு நடுவே புகுந்து போய், அவன் முதலில் காட்டின இடத்தில் குந்தி, கொதிக்கிற தாரின்மேல் உள்ளங்கையை வைத்தான். கன்டெய்னர் லாரி ஒன்று பின்னால் வந்து நின்று ஹாரனை அழுத்தியது. அழுத்தினபடியே இருந்தது.

தேசப்பன் கையை எடுத்தான். எழுந்து ஓரத்துக்கு வந்தான்.